கணிதமும் காய்ச்சலும்

மழைக்காலந் தொடங்கிச் சில வாரங்கள் கழியுமுன்னரே நம் கல்லூரி விடுதிகளில் இருமலொலி எழத் தொடங்கும். ஓர் அறையில் ஒருவர் போர்வை போர்த்துப் படுப்பர். மூன்றாம் நாள் அடுத்த அறையில் இருவர் படுப்பர். அவ்வாரம் முடியுமுன் வகுப்பிற் பல இடங்கள் வெறுமையாய்க் கிடக்கும். பின்னர், வந்தது போலவே அக்காய்ச்சல் மறைந்தும் போகும். இக்காட்சியை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஆயினும், ‘இஃது ஏன் ஏழு நாளில் வந்து போகின்றது? ஏன் எழுபது நாள் நிற்பதில்லை?’ என்று வினவுவார் நம்முள் அரியர். அவ்வினாவிற்கு விடை காண முற்படுந் துறைகளுள் கணிதமும் ஒன்று என நாம் கூறின், கணித வகுப்பில் இருப்பவரும் நகைப்பர். விலங்கியல் வகுப்பில் இருப்பவரும் நகைப்பர். அந்நகைப்பே இக்கட்டுரையை எழுதுமாறு நம்மைத் தூண்டியது.

ஈண்டு நாம் வலியுறுத்தக் கருதுவன இரண்டு. நோய் உடலினுள் வளர்ந்து தேயும் முறையைக் கணிதத்தால் ஆராய்தல் வீண் விளையாட்டன்று என்பதும், அஃது இன்றியமையாத ஒரு கல்வி என்பதும் முதலாவது. அக்கல்வியை அதன் எல்லைகளோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும், எல்லையறியாக் கணக்கு கணக்கின்மையினும் கேடு பயக்கும் என்பது இரண்டாவது. முதலாவதனைக் கூறுவார் பலருளர்; இரண்டாவதனைக் கூறுவார் சிலரே. இரண்டனையும் ஒருங்கே கொள்ளுதல் நம் போன்ற கல்லூரிகளின் கடனென்பது நம் துணிபு.

நோய்க்கும் கணிதத்திற்கும் உள்ள உறவு நேற்றுத் தோன்றியதன்று. 1760-ஆம் ஆண்டிலேயே தானியேல் பெர்னூலி என்னும் பேரறிஞர், பெரியம்மைக்குக் காப்பாக அம்மைப்பால் ஏற்றுதலால் மனிதர் ஆயுள் எத்துணை நீளும் எனக் கணக்கிட்டுக் காட்டினார். 1897-ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் இருந்துகொண்டு, மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதைக் கண்ட ரொனால்டு ராஸ், 1902-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், அவர் ஒரு கணிதப் பித்தர் என்பது பலர் அறியாதது. ஒரு நாட்டிலுள்ள கொசுக்களையெல்லாம் ஒன்றுவிடாது கொல்லவேண்டுவதில்லை, ஒரு குறித்த அளவிற்குக் கீழ் அவற்றைக் குறைத்துவிடின் மலேரியா தானே அற்றுப்போகும் என்பதை அவர் சமன்பாடுகளால் நிறுவினார். கொசுவை ஒழிக்க முடியாதென்று கைவிட்டிருந்தோர்க்கு அக்கணக்கு ஒரு நம்பிக்கையாயிற்று.

ராஸ் காட்டிய வழியிற் சென்றவருள் மெக்கண்ட்ரிக் என்பார் ஒருவர். இவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் பாஸ்டர் நிலையத்தை நடத்தியவர். நோயுற்றுத் தாயகந் திரும்பிய பின்னர் இவர் எடின்பரோ நகரில் கெர்மாக் என்னும் இரசாயன நூலறிஞரோடு கூடினார். கெர்மாக் 1924-ஆம் ஆண்டில் ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த ஒரு வெடிப்பினால் இரு கண்களின் ஒளியும் இழந்தவர். தாளையும் எழுதுகோலையுங் காணாது உள்ளத்திலேயே கணக்கை நடத்திய அவரும், மருத்துவராகிய மெக்கண்ட்ரிக்கும் கூடி 1927-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையே கொள்ளைநோய்க் கணிதத்திற்கு இன்றும் அடிப்படையாய் விளங்குகின்றது. அக்கட்டுரையில் தம் கணக்கைச் சரிபார்ப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட எண்கள் 1905, 1906-ஆம் ஆண்டுகளில் பம்பாய் நகரில் பிளேக் நோயால் வாரந்தோறும் இறந்தவர்களின் தொகையாகும். நம் நாட்டு மக்களின் துயரமே அவ்வளைகோட்டின் புள்ளிகளாய் அமைந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நிற்க. மேற்கூறியவையெல்லாம் ஊருக்குள் நோய் பரவுங் கணக்கு. ஓர் உடலினுள் நோய் பரவுங் கணக்கு யாங்ஙனம்? நுணுகி நோக்கின், இரண்டும் ஒரே சாயல் உடையனவென்பது புலப்படும். ஊரிலே மனிதர், உடலிலே உயிரணுக்கள். ஊரிலே நோயுற்றோர் நலமுற்றோரைத் தொற்றுவர். உடலிலே தொற்றுண்ட உயிரணு வைரஸ்களை ஈன, அவை அண்டையிலுள்ள நல்ல உயிரணுக்களிற் புகும். ஊரின் கணக்கை ஓர் உடலுக்கு மாற்றியமைக்கலாம் என்பதே இத்துறையின் வித்து.

இன்புளுயன்சாக் காய்ச்சலின் வைரஸ் மனிதரிடமிருந்து முதன்முதற் பிரித்தெடுக்கப்பட்டது 1933-ஆம் ஆண்டிலாகும். இலண்டன் ஆராய்ச்சியாளர் மூவர், நோயுற்றார் தொண்டை கழுவிய நீரைப் பெர்ரட் என்னும் விலங்குகளின் மூக்கில் இட்டு அதனைக் கண்டனர். அவ்வைரஸ் தன்னந்தனியே பெருகும் ஆற்றலற்றது. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் உயிரணுக்களுள் நுழைந்து, அவ்வுயிரணுவின் கருவிகளையே தன் தொழிலுக்குப் பயன்படுத்திக்கொண்டு, தன் படிகளைப் பலவாகச் செய்து வெளிவரும். இடங்கொடுத்த உயிரணு மாளும்.

இனி, இதனைக் கணக்காக்குவோம். மூன்று தொகைகளைக் கொள்க: நலமுள்ள உயிரணுக்கள், தொற்றுண்ட உயிரணுக்கள், வெளியே உலவும் வைரஸ்கள். நலமுள்ள உயிரணுக்கள், அவற்றின் தொகையையும் வைரஸின் தொகையையும் பெருக்கி வருவதற்கேற்பக் குறையும். அவ்வாறு குறைந்தவை தொற்றுண்டவற்றின் கணக்கிற் சேரும். தொற்றுண்டவை தமக்குரிய காலத்தில் மடியும். தொற்றுண்ட ஒவ்வோர் உயிரணுவும் இத்துணையென வைரஸை ஈனும். அவ்வைரஸும் இத்துணை வேகத்தில் அழியும். இவ்வளவே. மூன்று வாக்கியம், மூன்று சமன்பாடு. நம் மாணவர் இரண்டாம் ஆண்டிலேயே கற்கும் வகைநுண்கணிதத்திற்கு மேற்பட்ட எதுவும் இதில் இல்லை.

ஓர் ஐயம் எழலாம். இத்துணை எளிய கணக்கால் எதனை அறியப்போகிறோம் என்பதே அது. இதற்கு விடையாக ஒரு குளத்தைக் கருதுவோம். குளத்தின் நீர்மட்டம் பல நாள் ஒரே அளவில் நிற்கின்றது. கரையில் நிற்பவன், ‘இக்குளத்தில் ஒன்றும் நிகழவில்லை’ என்பான். வாய்க்காலை அடைத்துவிட்டுப் பார்த்தால், ஒரே நாளில் மட்டம் முழங்காலளவு இறங்குவது தெரியவரும். அப்பொழுதன்றோ, மதகின் வழியே நாடோறும் எவ்வளவு நீர் வெளியேறிக்கொண்டிருந்தது என்பதும், அவ்வளவு நீரே வாய்க்கால் வழி வந்துகொண்டிருந்தது என்பதும் விளங்கும்! எய்ட்ஸ் நோயை விளைக்கும் எச்.ஐ.வி. என்னும் வைரஸின் திறத்தில் நிகழ்ந்ததும் இதுவே. ஆண்டுக்கணக்காக நோயாளிகளின் குருதியில் வைரஸின் அளவு ஏறத்தாழ ஒரே நிலையில் நின்றமையால், அது செயலற்றுறங்குகின்றது எனப் பலர் கருதினர். 1995, 1996-ஆம் ஆண்டுகளில், புதிய மருந்துகளால் வைரஸின் பெருக்கத்தைத் தடுத்து, குருதியில் அஃது இறங்கும் வேகத்தை அளந்து, சமன்பாட்டிற் பொருத்திப் பார்த்தபொழுது, நாளொன்றுக்கு ஆயிரங்கோடி அளவில் வைரஸ்கள் பிறந்து அழிகின்றன என்பது வெளிப்பட்டது. உறக்கமெனத் தோன்றியது ஓயாப் போராட்டமாயிருந்தது. அத்துணை விரைவிற் பெருகும் வைரஸ் ஒரு மருந்திற்கு எளிதில் தப்பும். ஆதலின் பல மருந்துகளை ஒருங்கே தரவேண்டும் என்ற கொள்கைக்கு அக்கணக்கு உறுதுணையாயிற்று. கண்ணாற் காணவியலாததைக் கணக்குக் காட்டியது.

இன்புளுயன்சாவைப் பற்றிய இத்தகைய முயற்சிகள் 1976-ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு தொடங்கின. 1994-ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் இருவர் உடலின் தற்காப்பு முழுமையையும் உள்ளடக்க முயன்று பல சமன்பாடுகளைக் கொண்ட பெரியதோர் அமைப்பை வகுத்தனர். 2006-ஆம் ஆண்டில் பாக்கம், போஷெமன், பெரல்சன் முதலியோர், முன்னர்க் கூறிய மூன்று சமன்பாடுகளையே அடிப்படையாகக் கொண்டு, மனிதரிடம் அளந்த எண்களோடு ஒப்பிட்டனர். அவ்வெண்கள் மனமொப்பித் தம் மூக்கில் வைரஸை ஏற்றுக்கொண்ட தொண்டர் அறுவரிடமிருந்து நாடோறும் எடுக்கப்பட்டவை.

அவர்கள் கண்ட முடிபுகள் இவை. வைரஸ் புகுந்த உயிரணு ஏறத்தாழ 6 மணி நேரம் வாளாவிருக்கும். பின்னர் ஏறத்தாழ 5 மணி நேரம் வைரஸை ஈனும். ஆக அதன் வாழ்நாள் சராசரி 11 மணி. வெளியே உலவும் வைரஸ் 3 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாய்க் குறையும். நோயின் தொடக்கத்தில், தொற்றுண்ட ஓர் உயிரணு சராசரி 22 உயிரணுக்களைத் தொற்றச் செய்யும்.

இருபத்திரண்டு என்னும் இவ்வெண்ணின் வலிமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சதுரங்கக் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்து வைக்கச் சொன்ன பழங்கதையை நாம் சிறுவயதிற் கேட்டிருக்கிறோம். அங்கே இரண்டு, இங்கே இருபத்திரண்டு. ஒன்று 22 ஆகும்; 22 என்பது 484 ஆகும்; அது 10,648; பின் 2,34,256; பின் 51,53,632; ஆறாவது தலைமுறையில் 11,33,79,904. மூக்கு முதலிய மேல் மூச்சுப்பாதையில் இவ்வைரஸுக்கு இடமாகக்கூடிய உயிரணுக்கள் 40 கோடி என அவர்கள் கணக்கிட்டனர். எனவே, ஏழாந் தலைமுறை தோன்றுமுன்னரே இடம் தீர்ந்துவிடும். தலைமுறை ஒன்றிற்கு அரை நாள் எனப் பருவரையாகக் கொள்ளின், மூன்று நாளில் எல்லாம் முடியும். தொடக்கத்தில் ஓர் உயிரணுவிற்கு மாறாகப் பல உயிரணுக்கள் தொற்றுண்டிருப்பின் இன்னும் விரைவில் முடியும். தொண்டர்களிடத்துச் செய்த பல சோதனைகளைத் தொகுத்து 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, வைரஸின் உச்சம் இரண்டாம் நாளிலும், வைரஸ் வெளிப்படுங் காலம் சராசரி ஐந்து நாளுக்குச் சற்றுக் குறைவாகவும் அமைவதைக் காட்டுகின்றது. நம் பருவரைக் கணக்கு உண்மைக்கு அருகே வந்து நிற்பது வியப்பன்றோ?

இக்கணக்கிலிருந்து வாழ்க்கைக்கு வேண்டிய இரு பாடங்கள் கிடைக்கின்றன.

முதற்பாடம் மருந்தின் காலம் பற்றியது. 1999-ஆம் ஆண்டு முதல் வழக்கில் வந்த ஓசல்டாமிவிர் என்னும் மருந்து, புதிதாய்ப் பிறந்த வைரஸ் உயிரணுவைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கின்றது. 2018-ஆம் ஆண்டில் சப்பானிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற பலாக்சவிர் என்னும் மருந்து, உயிரணுவினுள் வைரஸ் தன்னைப் படியெடுப்பதையே தடுக்கின்றது. ஒன்று இருபத்திரண்டாகும் நிலையில், அதனை ஒன்றுக்குங் கீழே கொணர வேண்டுமாயின், மருந்தானது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கிற்கு மேல் பெருக்கத்தைத் தடுத்தல் வேண்டும். இருபத்திரண்டில் இருபத்தொரு பங்கை வகுத்துப் பார்ப்பார்க்கு இது விளங்கும். அன்றியும், இம்மூன்று சமன்பாடுகளின்படி, நலமுள்ள உயிரணுக்கள் இருபத்திரண்டில் ஒரு பங்காய்க் குறைந்த அளவிலே நோய் உச்சத்தை எட்டித் தானே திரும்பும். உச்சத்திற்குப் பின் மருந்து கொடுத்தல், வீடு எரிந்து கூரை விழுந்த பின்னர் நீர் கொணர்தலை ஒக்கும். நோய்க்குறி தோன்றிய இரண்டு நாளுக்குள் இம்மருந்துகளைத் தொடங்குக என்று மருத்துவர் வற்புறுத்துவதன் கருத்து இதனால் இனிது விளங்கும். முளையிலே கிள்ளுதல் என்பது இங்கே வெறும் பழமொழியன்று, கணக்கின் விடை.

இரண்டாம் பாடம் அதனினும் அருமையானது. தானே ஏறித் தானே இறங்கும் நோயில், இறங்குங் காலத்திற் கொடுத்த எப்பொருளும் மருந்தென்று பெயர் பெறும். நான்காம் நாள் மருந்துக்கடையில் எதையோ வாங்கி உண்டவன் ஆறாம் நாள் எழுந்து நடமாடுவான். தான் உண்டதே தன்னைக் காத்ததென்று ஊரெங்குஞ் சொல்லுவான். அவன் பொய் கூறவில்லை. ஆயினும், வைரஸின் வளைகோடு அவன் கடைக்குச் செல்லுமுன்னரே கீழ்நோக்கித் திரும்பிவிட்டது. இவ்வாறன்றோ வைரஸின்மேற் சிறிதும் செல்லாத ஆண்டிபயாடிக் மருந்துகள் சாதாரணக் காய்ச்சலுக்கெல்லாம் வாங்கி விழுங்கப்படுகின்றன! அதனால் நோயாளிக்குப் பயனின்மை ஒருபுறமிருக்க, பாக்டீரியாக்கள் அம்மருந்துகளுக்கு அடங்காத் தன்மை பெற்றுப் பின்னர் உண்மையிலேயே அவை வேண்டும்பொழுது உதவாமற்போதல் மறுபுறம். அவ்வொரு வளைகோட்டின் வடிவை நம் மாணவர் ஒவ்வொருவரும் உள்ளத்தில் வரைந்துகொள்வராயின், போலி மருந்துகளின் ஆரவாரத்திற் பாதி அடங்கும். இதனாலேயே இக்கல்வியை ஒரு சிலர்க்கேயுரிய நுண்கலை என விடுதல் கூடாதென்கிறோம்.

இதுகாறும் கணக்கின் பெருமை கூறினாம். இனி அதன் சிறுமையையும் கூறுதல் நேர்மை.

ஒரு சிற்றூரில் பனையோலை வேய்ந்த குடிசைகள் வரிசையாய் நிற்கின்றன. ஒரு குடிசையில் தீப்பற்றுகின்றது. முதல் நாழிகையில் ஒன்று, அடுத்த நாழிகையில் ஐந்து, பின்னர் இருபது எனத் தீப் பரவி, ஓரளவிற்குப் பின் குறைந்து அணைகின்றது. தொலைவிலுள்ள குன்றின்மேல் நின்ற ஒருவன் ஒவ்வொரு நாழிகையிலும் எத்துணைச் சுடர்கள் தெரிந்தன என்று மட்டும் எழுதிவைத்துள்ளான். அவ்வேட்டைக் கொண்டு, தீ ஏன் அணைந்தது எனக் கூற இயலுமா? எரிதற்குக் குடிசையின்மையால் அணைந்திருக்கலாம். அன்றி, எஞ்சிய குடிசைக்காரர் விரைந்து தத்தம் கூரைகளை நீரால் நனைத்தமையால் அணைந்திருக்கலாம். இரண்டு நிலையிலும் சுடர்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருத்தல் கூடும். ஆயின், ஊராருக்கு இரண்டும் ஒன்றல்ல. ஒன்றில் ஊர் சாம்பல், மற்றொன்றில் ஊர் பிழைத்தது.

மேற்கூறிய தொண்டர் அறுவரிடமும் அளக்கப்பட்டது வைரஸின் அளவே. உயிரணுக்கள் எத்துணை மாண்டன, எத்துணை பிழைத்தன என்பது அளக்கப்படவில்லை. மூன்று சமன்பாடுகளோ இடந்தீர்ந்தமையால் நோய் தீர்ந்தது என்று கூறும். ஆனால், உடலில் கூரை நனைப்போரும் உளர் என்பது நெடுநாளாக அறிந்த செய்தி. 1957-ஆம் ஆண்டில் ஐசக்ஸ், லிண்டன்மான் என்னும் இருவர் இலண்டனில், கோழிக்கருவின் சவ்வில் இன்புளுயன்சா வைரஸை வைத்து ஆராய்ந்தபோது, வைரஸ் பட்ட உயிரணுக்கள் ஒரு பொருளை வெளியிட்டு மற்ற உயிரணுக்களைக் காத்தலைக் கண்டனர். அதுவே இன்டர்பெரான் எனப் பெயர் பெற்றது. அன்றியும், தொற்றுண்ட உயிரணுக்களைத் தேடிக் கொல்லும் வெள்ளணுக்களும், வைரஸை முடக்கும் எதிர்ப்பொருள்களும் பின்னர் வந்து சேருகின்றன. 2006-ஆம் ஆண்டின் ஆசிரியர்களே இக்குறையை உணர்ந்து, சிலரிடத்து வைரஸ் இறங்கி மீண்டும் ஏறி இரு கொடுமுடிகளாய்த் தோன்றியதை விளக்குதற்கு இன்டர்பெரானையும் தம் கணக்கிற் சேர்த்துப் பார்த்தனர். 2010, 2012-ஆம் ஆண்டுகளில் குதிரைகளின் இன்புளுயன்சாவைப் பற்றி வெளிவந்த ஆராய்ச்சிகள் வைரஸோடு இன்டர்பெரானின் அளவையும் கொண்டு கணக்கிட்டன. ஆக, வளைகோடு எண்களோடு பொருந்துதல் ஒன்று. அதன் பின்னுள்ள காரணம் மெய்யாதல் வேறொன்று. பொருத்தத்தை மெய்ம்மையெனக் கொள்ளுதலே இத்துறையில் நிகழும் பெரும் பிழை.

மற்றொரு குறையுமுண்டு. தம்மை மனமுவந்து சோதனைக்கு ஒப்புவித்தவர் நலமுடைய தொண்டர்கள். அவர் மூக்கின் கணக்கை முதியோர் நுரையீரலுக்கும், கருவுற்ற தாய்மாருக்கும், பச்சிளங் குழந்தைகளுக்கும் அப்படியே பொருத்துதல் தகாது. 1918-ஆம் ஆண்டின் இன்புளுயன்சாக் கொள்ளைநோய் நம் இந்திய நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. அக்காலத்து எடுத்துவைக்கப்பட்ட நுரையீரற் பகுதிகளைப் பிற்காலத்தார் ஆராய்ந்து, அம்மரணங்களிற் பெரும்பாலானவை வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாவால் நேர்ந்தவையாகலாம் என 2008-ஆம் ஆண்டில் எழுதினர். வைரஸ் கதவைத் திறக்க, வேறொரு கிருமி உட்புகுந்தது. அத்தகைய நிலையில் மருத்துவர் ஆராய்ந்து கொடுக்கும் ஆண்டிபயாடிக்கே உயிர் காக்கும். மூன்று சமன்பாடுகளில் இதற்கு இடமில்லை. நான்காவதும் ஐந்தாவதும் வேண்டும். 2013-ஆம் ஆண்டில் அவ்விரு கிருமிகளின் கூட்டையும் எலிகளிடத்துக் கணக்கிட முயன்றதும் இக்காரணம் பற்றியே.

எனின், ‘இத்துணைக் குறையுடைய கணக்கு எதற்கு? மருத்துவரின் பட்டறிவே போதாதா?’ என்று கேட்பாருளர். அவர்க்கு நாம் கூறுவது இது. கணக்கிடாதவனும் ஒரு கணக்கை உள்ளத்திற் கொண்டே நடக்கின்றான். அதனை அவன் எழுதிக் காட்டுவதில்லை, அவ்வளவே. ‘இம்மருந்தைக் கொடுத்தேன், குணமாயிற்று’ என்பதும் ஒரு கணக்கே. அதன் பிழை மறைந்து கிடக்கும். சமன்பாடாக எழுதப்பட்ட கருத்தோ தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும். எதனை அளந்தோம், எதனை அளவாமற் கொண்டோம் என்பதை மறைக்க அஃது இடந்தராது. குன்றின்மேல் நின்றவனுடைய ஏடு போதாதென்பதை நாம் அறிந்ததும், குடிசைகளையும் எண்ணவேண்டும் என்று துணிந்ததும் கணக்கிட்டதனாலன்றோ? கணிதம் விடை தருதலினும், அடுத்து எதனை அளக்கவேண்டும் என்னும் வினாவைத் தருதலே அதன் முதற்பயன்.

2020-ஆம் ஆண்டில் வந்த கொரோனாக் கொள்ளைநோயின் காலத்தில் செய்தித்தாள்கள் தோறும் வளைகோடுகள் நிறைந்திருந்தமையை நாம் மறந்திலேம். ஒருசாரார் அவற்றைத் தீர்க்கதரிசனமெனக் கொண்டனர். மற்றொரு சாரார், அவற்றுள் ஒன்று தவறியவுடன் எல்லாவற்றையும் எள்ளி நகையாடினர். இரு சாராருள்ளும் பட்டம் பெற்றோர் பலர் இருந்தனர். வணங்குதலும் இகழ்தலும் ஆகிய இவ்விரண்டுக்கும் நடுவே, ‘இக்கணக்கு எதனைக் கொண்டு இதனைச் சொல்லுகின்றது?’ என்று அமைதியாய்க் கேட்கத் தெரிந்தவர் தொகை மிகக் குறைவாயிருந்தது. அவர் தொகையைப் பெருக்குவதன்றோ கல்லூரியின் வேலை? இதில் நாம் பிறரைக் குறைகூறற்கில்லை. கணித மாணவனுக்கு வகைநுண்கணிதத்தை வினாத்தாளுக்கென்றே கற்பித்தவர் நாம். விலங்கியல் மாணவியிடம், ‘உனக்கு எண் எதற்கு?’ என்று சொல்லி அவளது அச்சத்தை வளர்த்தவரும் நாமே. இரு வகுப்புகளுக்கும் இடையே நிற்பது ஒரு தாழ்வாரமே. ஆயினும் அதனைக் கடந்து செல்லுமாறு நாம் யாரையும் ஏவியதில்லை.

ஆகவே, நம் கருத்திற் பட்ட சில முறைகளை ஆசிரியர்முன்னும் மாணவர்முன்னும் பணிந்து வைக்கிறோம். வாரத்தில் ஒரு மணி நேரம் கணித மாணவரும் உயிர்நூல் மாணவரும் ஒரே பலகையின்முன் அமர்க. ஒரு தொட்டியில் நீர்ப்பாசி இலைகளை இட்டு நாடோறும் எண்ணுக. முதலில் விரைந்து பெருகிப் பின் இடமின்றித் தளர்வதைத் தம் கையாலேயே வளைகோடாக வரைக. மூன்று சமன்பாடுகளை ஒரு மணிக்கு ஒருமுறையாக முன்னேற்றி, முதல் ஒரு நாளின் கணக்கைத் தாளிலேயே செய்க. கணிப்பொறியை அதன் பின்னரே நாடுக. பொறி விரைவிற் செய்யும். ஆனால் என்ன செய்கின்றதென்பதைக் கையாற் செய்தவனே அறிவான். இறுதியாக, எவ்வளைகோட்டை வரைந்தாலும் அதன் அடியில் ‘அளந்தவை’ என்றும் ‘அளவாதவை’ என்றும் இரு வரிகள் எழுதும் வழக்கத்தை மேற்கொள்க. இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நல்லுள்ளமும் ஒரு தாழ்வாரத்தைக் கடக்கும் சிறு முயற்சியுமே வேண்டும். மருத்துவத்திலும் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டிருக்கும் நம் பழைய மாணவர்கள் ஆண்டிற்கொருமுறை வந்து இவ்வகுப்பில் அமர்வராயின், அஃது அவர் அன்னைக் கல்லூரிக்குச் செய்யும் நல்லுதவியாகும்.

முடிக்குமுன் ஒன்று. இக்கணக்குகளின் ஒவ்வொரு புள்ளியின் பின்னும் ஒரு மனிதர் உளர். பம்பாயில் மாண்டவர்கள் தம் மரணம் ஒரு வளைகோடாகுமென்று அறிந்திலர். தம் மூக்கில் வைரஸை ஏற்று நாடோறும் சோதனைக்கு வந்த தொண்டர் அறுவர், தாம் என்றும் காணாதவர் பொருட்டுக் காய்ச்சலிற் கிடந்தனர். பிறர் நோவைத் தன்மேல் ஏற்றலின் பொருளை நம் கல்லூரித் திருக்கோயிலில் நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆய்வுக்கூடத்திலும் அது நிகழ்ந்ததென்பதை அறிதல் நன்று. அவர்கள் கொடுத்த எண்களைச் சிதைவின்றிக் கையாளுதலும், அவை கூறாததைக் கூறியதாக உரையாமையும் நாம் அவர்க்குச் செலுத்தும் கடன். அடுத்த மழைக்காலத்தில் விடுதியில் முதல் இருமலொலி கேட்கும்பொழுது, நம் மாணவருள் சிலரேனும் தாளும் எழுதுகோலும் எடுத்து, ‘ஒன்று, இருபத்திரண்டு...’ என எண்ணத் தொடங்குவாராக; படுத்திருக்கும் தோழனை மருத்துவரிடம் முதல் நாளிலேயே அழைத்துச் செல்வாருமாக.